மந்தையா, சாரையா, காக்காயா?

கூட்டக்காரர் போனை எடுத்தால் "ஹலோ" சொல்வதில்லை. "மந்தையா, சாரையா, ஈயா, காக்காயா?" என்றுதான் ஆரம்பிப்பார். தவறான நம்பருக்கு அடித்தவர்கள் பயந்துபோய் வைத்துவிடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள், "மந்தைதான் அண்ணே, மதியம் வரைக்கும் போதும்" என்பார்கள்.

ஆள் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். பேசுவதற்குத் தலைவர் இருப்பார், மேடை இருக்கும், மாலை இருக்கும். கேட்பதற்கு ஆள் இருக்காது. அந்தக் குறையைத் தீர்த்து வைப்பவர் இவர். நான் மைக் செட் போடுகிறவன். அவருடைய கூட்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கே என் ஸ்பீக்கர் கத்திக்கொண்டிருக்கும். மேடைக்குப் பின்னால் வயரோடு வயராகக் கிடப்பவன் என்பதால், முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியாத பலதும் எனக்குத் தெரியும்.

அவர் சரக்கை வகை பிரித்து வைத்திருந்த அழகே தனி. மந்தை என்றால் உட்காருகிற கூட்டம். கேள்வி கேட்காது, தலையாட்டும், கைதட்டச் சொன்னால் தட்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்தும். சாரை என்றால் ஊர்வலம். எறும்பு மாதிரி ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். வழியில் டீக்கடையைப் பார்த்தாலும் கால் திரும்பக் கூடாது. ஈ என்பது மொய்ப்பதற்கு. கடை திறக்க வரும் பிரமுகர் காரை விட்டு இறங்கியதும், அவர் முகம் தெரியாத அளவுக்கு ஆள் அப்ப வேண்டும். காக்காய்க் கூட்டத்துக்கு வேலை கத்துவது. ஒருவர் ஆரம்பித்தால் போதும், எதற்கு என்று கேட்காமல் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆட்கள் எல்லாம் ஒரே ஆட்கள்தான். காலையில் மந்தையில் கொட்டாவி விட்டவரே மாலையில் காக்காயில் தொண்டை கிழியக் கத்துவார். மறுநாள் பத்திரிகையில் காலைக் கூட்டத்துக்கு "மக்கள் வெள்ளம்" என்று போட்டிருக்கும், மாலைக் கூட்டத்துக்குக் "கும்பல்" என்று போட்டிருக்கும். வெள்ளமும் கும்பலும் ஒரே வேனில் வீடு திரும்பியது பத்திரிகைக்காரருக்குத் தெரியாது. தெரிந்தாலும் போடமாட்டார்.

இப்படி ஊருக்கெல்லாம் கூட்டம் சேர்த்த மனிதருக்குச் சொந்தக் கூட்டம் என்று ஒன்று இல்லாமல் போனது. யாரும் பறித்துக்கொள்ளவில்லை, இவரே செய்துகொண்டதுதான். உறவுக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் போகமாட்டார். நல்ல நாள் எல்லாம் தொழில் நாள். முதலில் "வர முடியலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு யோசனை தோன்றியது. நம்மிடம்தான் ஆள் இருக்கிறதே! சித்தப்பா மகனின் புதுமனை புகுவிழாவுக்கு இரண்டு பேரை அனுப்பினார். மாமா பேத்தியின் பிறந்தநாளுக்கு நாலு பேர் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டு வந்தார்கள். உறவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இவருக்கு அது உறைக்கவே இல்லை.

கடைசியாக மிஞ்சியிருந்தது கூடப் பிறந்த அக்கா. அவர் கணவர் இறந்த அன்று கூட்டக்காரருக்குப் பெரிய மாநாடு. மைதானம் நிறைய மந்தை வேண்டும். விட்டுவிட்டுப் போக முடியுமா? அக்கா வீட்டுக்கு ஒரு வேன் நிறைய ஆள் அனுப்பினார். "ஒரு காக்கா செத்தா ஊர்க் காக்காயெல்லாம் கூடுது, என் மச்சானுக்கு அந்த மரியாதைகூட வேணாமா?" என்று என்னிடம் நியாயம் வேறு கேட்டார். காக்காய்களில் தேர்ந்தெடுத்த காக்காய்கள். அதிலும் ஒரு அம்மாள் இருந்தார், அழுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அக்கா, கணவரின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்தபடி, யாரென்றே தெரியாத அத்தனை பேரும் மாரில் அடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வாசலைப் பார்ப்பாராம், பிறகு இவர்களைப் பார்ப்பாராம். தம்பி வரவே இல்லை. அன்றோடு பேச்சு முறிந்தது.

"ஆள் அனுப்பினேனே, தம்பி. தரமான ஆளாத்தானே அனுப்பினேன்? அக்காவுக்கு என்ன குறை வெச்சேன்?" என்று அவர் என்னிடம் கேட்டபோது அவர் முகத்தில் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மனிதர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

பிறகு அவர் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மகள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். மருந்துக் கம்பெனிப் பையன் ஒருவன் ஆர்டர் எடுக்க அடிக்கடி வந்தான். இருமல் மருந்துக்கு இவ்வளவு கிராக்கியா என்று கடை முதலாளியே வியக்கும் அளவுக்கு வந்தான். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பையனின் அப்பா பேச வந்தார். நல்ல மனிதர், ஆனால் ஒரே பிடிவாதம்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. சொந்தபந்தம்தான் முக்கியம். நாலு பேர் உள்ள குடும்பமா இருக்கணும். தனி மரத்துல பொண்ணு எடுக்கறதில்லைன்னு எங்க வீட்டுல ஒரு வைராக்கியம். அதுல மட்டும் நாங்க விட்டுக்குடுக்க மாட்டோம்."

"ஆள்தானே? அதுக்கென்ன, எத்தனை பேர்..." என்று கூட்டக்காரர் வாயெடுத்துவிட்டார். மனைவி அவர் காலை மிதித்தார். மனைவியோ பிறந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவர் பக்கமும் சொல்லிக்கொள்ள யாரும் இல்லை.

பையன் வீட்டார் போனதும் மகள் சொன்னாள்: "அப்பா, அத்தையைப் போய்க் கூப்பிடுங்க. கால்ல விழுந்தாவது கூப்பிடுங்க. அவங்க வந்தா மத்தவங்களும் வருவாங்க."

"வந்து வாசல்லயே மானத்தை வாங்கவா? அப்பா பாத்துக்கறேன், நீ போ."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "சொந்தக்காரங்கன்னா மந்தையும் இல்ல, சாரையும் இல்லங்க. அது நண்டுக் கூட்டம். ஒண்ணு மேல ஏறினா மத்தது காலைப் புடிச்சு இழுக்கும். அதை உங்களால சேக்க முடியாது" என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டார். கூட்டக்காரர் கேட்கவில்லை. கங்காணியம்மாவைக் கூப்பிட்டு, "மந்தை போடு. பார்வைக்கு லட்சணமா இருக்கணும்" என்றார். கங்காணியம்மா அவருக்கு வலது கை. ஆட்களை வேனில் ஏற்றி இறக்கி, கைக்குட்டையைத் தூக்கினால் கைதட்டவும் இறக்கினால் நிறுத்தவும் பழக்கி வைத்திருப்பவர். வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, ஆனால் கெட்டிக்காரி.

கல்யாணம் ஒரு வாடகை மண்டபத்தில். பதிவாளர் அங்கேயே வந்து பதிவு செய்துகொள்வதாக ஏற்பாடு. மைக் செட் நான்தான். காலையிலேயே வேன்கள் பின்வாசலில் வந்து நின்றன. சித்தப்பாக்களும் பெரியம்மாக்களும் வரிசையாக இறங்கினார்கள். துணிமணி எல்லாம் பளிச்சென்று இருந்தது. முன்னால் குள்ளமானவர்கள், பின்னால் நெட்டையானவர்கள் என்று பெண் வீட்டுப் பக்கம் நாற்காலிகள் சத்தமில்லாமல் நிறைந்தன. இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார், யார் எங்கே உட்காருவது என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு கிடந்தார்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டார்கள். கங்காணியம்மா கைக்குட்டையைத் தூக்கினார். பெண் வீட்டுப் பக்கம் ஒரே தட்டாகக் கைதட்டல் எழுந்து, கைக்குட்டை இறங்கியதும் ஒரே வெட்டாக நின்றது. பின்வரிசைப் பெரியப்பா ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு "வாழ்க!" என்றார். அடுத்து அவருக்கு வழக்கமாக வரும் வார்த்தை வேறு. பக்கத்துப் பெரியம்மா சட்டென்று அவர் வாயைப் பொத்தாமல் இருந்தால் யாராவது ஒழிந்திருப்பார்கள்.

மாப்பிள்ளையின் அத்தைக்கு அங்கேதான் மூக்கு வேர்த்தது. பெண்கள் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அறையில் எந்தப் பெண் தூங்குகிற மாதிரி நடிக்கிறாள் என்று கதவுக்கு வெளியே இருந்தே சொல்லக்கூடியவர். போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது பெண் வீட்டார் இடிக்காமல் தள்ளாமல் வரிசையில் வந்ததைப் பார்த்தார். அடுத்துப் பந்திக்கு வந்து, ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன முறை?"

"தூரத்துச் சொந்தம்ங்க."

"நீங்க?"

"நானும் தூரத்துச் சொந்தம்ங்க."

பந்தி முழுக்க இதே பாட்டுத்தான். அத்தை நிமிர்ந்தார். "எல்லாருமே தூரமா? கிட்டத்துல ஒருத்தர்கூட இல்லையா?" பிறகு சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு கூட்டக்காரரிடம் வந்தார். நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து எதையோ திருகுவது மாதிரி நின்றேன்.

"எனக்கு ஒண்ணு புரியலை" என்றார் அத்தை. "எங்க பக்கம் அதுக்குள்ள மூணு பேர் கோவிச்சுக்கிட்டுப் போயாச்சு. ரெண்டு பேரைக் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து உக்கார வெச்சிருக்கோம். உங்க பக்கம் ஒருத்தர்கூட மூஞ்சியத் தூக்கலையே? சாப்பாட்டுல உப்பு இல்ல. நானே சொல்றேன், உப்பு இல்ல. உங்க ஆளுங்க ஒருத்தர் வாயத் திறக்கலையே? குத்தம் சொல்லாத சொந்தம் எங்கயாவது உண்டா?"

சம்பந்தியின் முகம் மாறியது. மேடையில் நின்ற மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டாயிற்று என்றாலும், பொய் சொல்லிக் கட்டி வைத்தார்கள் என்ற பேரோடு அந்தப் பெண் அந்த வீட்டுக்குள் போக வேண்டுமே. காலம் முழுக்க இந்த அத்தையின் நாக்கில் புரண்டு எழ வேண்டுமே.

கூட்டக்காரர் நழுவி வந்து கங்காணியம்மாவின் காதைக் கடித்தார். "யாரையாவது சண்டை போடச் சொல்லு. சீக்கிரம்!"

"நீங்க மந்தைதானே சொன்னீங்க? சண்டை போடற ஆளுங்கல்லாம் இன்னைக்கு வேற மீட்டிங்குக்குப் போயிருக்காங்களே."

"இருக்கிறதை வெச்சு ஏதாவது பண்ணு!"

கங்காணியம்மா இரண்டு சித்தப்பாக்களை எழுப்பிவிட்டார். பாவம், மந்தையிலேயே வளர்ந்தவர்கள். ஒருவர், "உங்க மேல எனக்குக் கோவம்ங்க" என்றார். மற்றவர், "பரவாயில்லைங்க, நீங்க உக்காருங்க" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இனி காம்பைத்தான் மறைக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போது வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது. மைக் இல்லாமலே மண்டபம் முழுவதும் கேட்டது.

"எங்கடா அவன்? கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கான்னு ஞாபகம் இருக்கா அவனுக்கு?"

அக்கா. மகள்தான் அப்பாவுக்குத் தெரியாமல் போன் செய்திருக்கிறாள். அக்கா ஒரு கையில் பையும் ஒரு கையில் செருப்பும் வைத்திருந்தார். செருப்பு வழியில் அறுந்துபோனதுதான், ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. நேராக வந்து தம்பி முன்னால் நின்றார்.

"ஏன்டா, தூக்கி வளத்தவளுக்கு ஒரு பத்திரிகை குடுக்கக் கை வரலையா உனக்கு? உன் மகளுக்குக் கல்யாணம்னு நான் போன்ல கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா? நீயெல்லாம் மனுஷனாடா?"

பேசிக்கொண்டே வந்த அக்காவின் கண் பந்தியில் போய் நின்றது. அங்கே அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார், சாவு வீட்டில் அழுத அம்மாள். அக்காவுக்கு அந்த முகம் மறக்குமா? அவர் அந்த அம்மாளைப் பார்த்தார். பந்தி முழுவதையும் பார்த்தார். கங்காணியம்மா கையில் இருந்த கைக்குட்டையைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு மேடையில் நின்ற பெண்ணைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பியின் சாயம் வெளுத்துவிடும். நான் மைக்கை அணைத்தேன். ஏன் அணைத்தேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா அந்த அம்மாளைக் கைநீட்டிக் காட்டினார். "இதோ, இவங்க வந்தாங்கடா என் வீட்டுக்காரர் சாவுக்கு. கண்ணீர் விட்டு அழுதாங்க. நீ வந்தியா?"

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளையின் அத்தை சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க. சொந்தம்தான்."

அதன் பிறகு அக்கா விட்டு வைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார், நாற்காலி ஆடுகிறது என்றார், பெண்ணுக்கு யார் இப்படித் தலை பின்னியது என்று மேடை ஏறிப் பிரித்துத் தானே பின்னிவிட்டார். பின்னும்போது அழுதார். என் ஸ்பீக்கர் கரகரக்கிறது என்றும் சொன்னார்; அது உண்மைதான். மாப்பிள்ளையின் அத்தை அவரைக் கையோடு கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு குடும்பத்தையும் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். கோவித்துக்கொண்டு போன மூன்று பேரில் மிச்சம் இருந்த ஒருவரும் சத்தம் கேட்டு, நல்லதைத் தவறவிட்டுவிடுவோமோ என்று திரும்பி வந்தார்.

கல்யாணம் தப்பியது. இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

விருந்து முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். வாசலில் கங்காணியம்மா நின்று பை கொடுத்துக்கொண்டிருந்தார். பை இரண்டு நிறம். மஞ்சள் பையில் இனிப்பு மட்டும். அது மாப்பிள்ளை வீட்டாருக்கு. பச்சைப் பையில் இனிப்போடு ஒரு கவர் இருக்கும். அது வேனில் வந்தவர்களுக்குக் கூலி. அடுத்தவர் கண்ணில் படாமல் பட்டுவாடா செய்யக் கூட்டக்காரர் கண்டுபிடித்த வழி. அவரும் சம்பந்தியும் அத்தையும் அங்கேயே நின்று எல்லாருக்கும் விடை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் காலடியில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்தார். கங்காணியம்மா, சண்டை போட முதலாளி அவசரமாக வரவழைத்த ஆள் என்று அவரை நினைத்து, முகமெல்லாம் சிரிப்பாக அவர் கையில் பச்சைப் பையைத் திணித்து, மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இன்னைக்கு உங்களாலதான் பொழைச்சோம். அடுத்த வாரமும் ஒரு கல்யாணம் இருக்கு, உங்களைத்தான் கூப்பிடப்போறேன். நம்பரைக் குடுத்துட்டுப் போங்க."

அக்கா பைக்குள் பார்த்தார். கவரைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

தம்பியும் பார்த்தார். "ஐயோ, அந்தப் பை இல்ல, அவங்க என் அக்கா" என்று சொன்னால் போதும். ஆனால் பக்கத்தில் அத்தை நிற்கிறார். அந்தப் பைக்கும் இந்தப் பைக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்பார், கேட்காமல் விடமாட்டார். கூட்டக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். வெயிலைப் பார்ப்பது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு வயரை அவர் கழுத்தில் சுற்றியிருப்பேன்.

அக்கா பையை மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டார். ஆசீர்வாதம் செய்கிறவர் போலத் தம்பியின் தலையில் கை வைத்து, காதருகே குனிந்தார். கீழே உட்கார்ந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"வர்றேன் ஐயா. சாவு வீடுன்னாலும் சொல்லி அனுப்புங்க. எனக்கு அழவும் வரும்."

அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், வேனில் மற்றவர்களோடு ஏறி, அந்த அழுகிற அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த வேன் அவர் தெரு வழியாகத்தான் போகும்.

மறுநாள் கூட்டக்காரர் என் கடைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது, தூங்கவில்லை. "அக்கா என்னை ஐயான்னு கூப்பிட்டுட்டாங்க, தம்பி" என்றார். எனக்கும் மனசு இளகிவிட்டது.

"போய்ப் பாருங்க அண்ணே."

"போய் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். வாசல்ல போய் நில்லுங்க. கதவு தொறக்கிற வரைக்கும் நில்லுங்க. ஊர்ல இருக்கிறவனையெல்லாம் அதைத்தானே பண்ண வெச்சீங்க? உங்களுக்கு நிக்கத் தெரியாதா?"

தலையாட்டினார். நன்றாகவே தலையாட்டினார், மந்தையில்கூட அப்படி ஒரு தலையாட்டலை நான் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. "மந்தையா, சாரையா..." என்று கேட்டுக்கொண்டே வெளியே போனார்.

சாயங்காலம் ஊர்வலத்தில் சாரையின் முன்னால் அவர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். "அக்கா வீட்டுக்குப் போனீங்களா?" என்று கத்திக் கேட்டேன்.

"எங்க தம்பி, திடீர்னு பெரிய ஆர்டர்! ஆனா விட்டுருவேனா? காலையிலயே ஆள் அனுப்பிட்டேன்" என்றார். "தரமான ஆளாத்தான் அனுப்பியிருக்கேன்."